பதின்மூன்று டொலரும் ஒரு நற்சான்றிதழும்

மலைநாட்டுப் பாடசாலைகளில் ஆசிரியத் தொழில் பார்ப்போரிடம் ஆண்டு முழுவதும் வந்துகொண்டேயிருக்கும் வேண்டுகோள் ஒன்று உண்டு. “சேர், ஒரு நற்சான்றிதழ் எழுதித் தாங்க” என்பதே அது. கொழும்பில் புடைவைக் கடைக்குப் போகும் பையன், கட்டுநாயக்காவில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பெண், வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போகும் தாய் என எத்தனையோ பேருக்கு நாம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். ‘இவரை ஐந்து ஆண்டுகளாக நன்கு அறிவோம், நன்னடத்தையும் உழைப்பும் உடையவர்’ என்ற இரண்டு வாக்கியங்களைக் கை தானாகவே எழுதிவிடும். அட்டன் மழையில் குடையை மடக்கிக்கொண்டு வாசலில் நிற்கும் பிள்ளையைக் காக்க வைக்க எமக்கு மனம் வருவதில்லை.

சென்ற ஆண்டில் வந்த ஒரு மாணவனுக்கு மட்டும் அதை எழுதி முடிக்க மூன்று நாட்கள் பிடித்தன.

அவன் எம்மிடம் ஆறாண்டு தமிழ் படித்தவன். சாதாரண தரப் பரீட்சையில் தேறி, உயர்தரத்தைப் பாதியில் விட்டவன். தகப்பன் இல்லை. தாய் கொழுந்து பறிக்கிறாள். பொலிஸ் கான்ஸ்டபிள் வேலைக்கு விண்ணப்பிக்கப் போவதாகவும், தமிழ் பேசத் தெரிந்தவர்கள் வேண்டும் என்று கேட்கிறார்களென்றும் சொன்னான். நாம் மகிழ்ச்சியைக் காட்டுவதற்குள்ளாகவே, “அம்மாவுக்கு இஷ்டமில்லீங்க சேர்” என்றும் சொல்லிவிட்டான்.

“ஏன்?”

“மாமாவப் புடிச்சுக்கிட்டுப் போனாங்கதானே. ரெண்டு வருசம். ‘எந் தம்பிய அடிச்ச உடுப்ப எம் மகனே போட்டுக்கிட்டு வந்து என் முன்னால நிக்கணுமா’ன்னு கேக்குறாங்க.”

யுத்த காலத்தில் தோட்டத்து இளைஞர்கள் சந்தேகத்தின்பேரில் பிடிக்கப்பட்டு, குற்றப் பத்திரிகை ஏதுமின்றி மாதக் கணக்கிலும் ஆண்டுக் கணக்கிலும் சிறையிலிருந்த கதை மலையகத்தில் எந்த லயத்தில் கேட்டாலும் ஒன்று கிடைக்கும். ஆதலால் தாயின் சொல் எமக்கு விளங்கியது. நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டோம்.

“சம்பளம் நிரந்தரம் சேர். பென்சன் இருக்கு. அதோட…” என்று சற்று நிறுத்தி, “அந்த உடுப்பப் போட்டா ஒருத்தனும் என்னைய வேற மாதிரிக் கூப்பிட மாட்டான்” என்றான்.

‘வேறு மாதிரி’ என்று அவன் குறிப்பிட்டது என்னவென்பது எமக்குத் தெரியும். அது தெரிந்ததுதான் எம் பேனாவை நிறுத்தியது. பத்தாந் தரத்தில் அவன் படித்த காலத்தில் வகுப்பில் அவனுக்கு வழங்கிய பெயர் ‘காப்பிரி’. அவன் நிறம் கறுப்பு, முடி சுருள். அது போதுமானதாக இருந்தது. கொழுந்து மலையில் வெயிலிலும் மழையிலும் நின்று கறுத்துப்போன தாய்மாரின் பிள்ளைகளே தம்மிற் கறுத்த ஒருவனைப் பார்த்து அப்படி அழைத்துச் சிரித்தார்கள். ஒருநாள் வரவுப் பதிவேட்டைக் கூப்பிடும்போது பின் வாங்கிலிருந்து ஒருவன் அந்தப் பெயரைச் சொல்ல, வகுப்பே சிரித்தது. நாமும் சிரித்தோம். உடனே முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு ஒரு சொல் அதட்டினோம் என்பது உண்மை. ஆயினும் அந்த முதற் சிரிப்பை அவன் பார்த்துவிட்டான். ‘நிறத்தில் என்ன இருக்கிறது, குணமே பெரிது’ என்று அன்று நாம் செய்த ஐந்து நிமிடப் பிரசங்கம் அவன் காதில் ஏறியிருக்க நியாயமில்லை.

“நாளைக்கு வா” என்று சொல்லி அனுப்பினோம். அன்று மாலை வீடு திரும்ப ஏறிய முச்சக்கரவண்டியின் பின்கண்ணாடியில் பாப் மார்லியின் படம் ஒட்டியிருந்தது. இதில் அதிசயம் ஒன்றுமில்லை. இலங்கையில் முச்சக்கரவண்டிக்கும் மார்லிக்கும் உள்ள உறவு சைக்கிளுக்கும் மணிக்கும் உள்ள உறவு போன்றது. அவர் 1981இல் இறந்த பின், 1983இல் வெளிவந்த ‘பஃபலோ சோல்ஜர்’ பாட்டு வண்டிக்குள் ஒலித்துக்கொண்டிருந்தது. ஓட்டுநரும் எம் பழைய மாணவர். முன்பொரு தடவை அதன் பொருளை எம்மிடம் கேட்டார். எருமை மாடு ஓட்டிய ஒரு படையைப் பற்றியதாயிருக்கும் என்று, தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்ட ஆசிரியர்கள் சொல்லும் குரலில் நாம் சொல்லி வைத்தோம். அது முழுப் பிழை. பின்னர் அதனைத் தேடிப் படித்தபோது எமது அறியாமைக்கு வெட்கப்பட்டதோடு, அந்தப் படையின் கதை எமது மலைகளின் கதைக்கு எவ்வளவு அண்மையில் நிற்கிறது என்பதையும் கண்டு திகைத்தோம். அந்த மாலையில் பாட்டைக் கேட்டுக்கொண்டே போனபோது மாணவனுடைய முகமும் உடன் வந்தது.

‘காப்பிரி’ என்ற சொல்லிலிருந்தே தொடங்குவோம். அரபியில் நம்பிக்கையற்றவனைக் குறித்த சொல், போர்த்துக்கேயர் வாயில் ஆபிரிக்கரைக் குறிக்கும் பெயராகி, அவர்களுடைய கப்பல்களிலேயே இலங்கைக்கு வந்திறங்கியது. போர்த்துக்கேயரும் அவர்களுக்குப் பின் ஒல்லாந்தரும் ஆபிரிக்கரை அடிமைகளாகவும் படையாட்களாகவும் இங்கு கொண்டுவந்தனர். 1796இல் கரையோரத்தைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் இந்த வழக்கத்தை விட்டுவிடவில்லை. கண்டி இராச்சியம் அப்போது சுதந்திரமாக இருந்தது. மலையும் காடும் காய்ச்சலும் அதற்கு மூன்று மதில்கள். ஐரோப்பியச் சிப்பாய் அம்மதில்களில் மோதிச் செத்தான். 1803இல் கண்டி நகருக்குள் நுழைந்த ஆங்கிலப் படை நோயாலும் போராலும் அழிந்தது. ஆகவே இந்தக் காடுகளுக்குள் போய்ச் சண்டையிட வேறு உடல்கள் தேவைப்பட்டன. மலாயர் ஒரு ரெஜிமெண்டாகவும், இந்தியச் சிப்பாய்கள் ஒரு ரெஜிமெண்டாகவும், ஆபிரிக்கர் ஒரு ரெஜிமெண்டாகவும் திரட்டப்பட்டனர். மூன்றாவது இலங்கை ரெஜிமெண்ட் எனப்பட்டது ஆபிரிக்கருடையது. அதில் சேர்ந்தோர் பலர் கோவாவிலும் மொசாம்பிக்கிலும் போர்த்துக்கேயரிடமிருந்து விலைக்கு வாங்கப்பட்டவர்கள். படைவீரனுக்குச் சம்பளம் கொடுப்பார்கள் என்று நாம் அறிவோம். படைவீரனையே விலைகொடுத்து வாங்கியதும் நம் தீவின் சரித்திரத்தில் உண்டு.

1815இல் கண்டி வீழ்ந்தது. 1817இல் ஊவாவிலும் வெல்லசையிலும் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அடக்கச் சென்ற கெப்பெட்டிப்பொல திசாவையே மக்கள் பக்கம் சேர்ந்தார். தேசாதிபதி பிரவுண்ரிக்கின் படைகள் கிராமங்களை எரித்தன, நெல்லை அழித்தன, மாடுகளைக் கொன்றன, பழ மரங்களையும் விடவில்லை. கெப்பெட்டிப்பொல 1818 நவம்பரில் கண்டியில் சிரச்சேதம் செய்யப்பட்டார். அக்காலத்தில் இங்கு வைத்தியராயிருந்த ஜோன் டேவி என்னும் ஆங்கிலேயர், உள்நாட்டார் இழப்பைப் பதினாயிரம் உயிர் என மதிப்பிட்டு 1821இல் எழுதி வைத்தார். ஆளும் பக்கத்தைச் சேர்ந்தவரே சொன்ன கணக்கு இது. எரித்த கைகளில் வெள்ளைக் கைகள் இருந்தன. மலாயர் கைகள் இருந்தன. மதராசிலிருந்து வந்த சிப்பாய்களின் கைகள், அதாவது நம்முடைய நிறத்துக் கைகளும் இருந்தன. ஆபிரிக்கரின் கைகளும் இருந்தன.

இப்போது கடலைத் தாண்டி அமெரிக்கா செல்வோம். அங்கு உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது. அப்போரில் ஏறக்குறைய ஒரு இலட்சத்து எண்பதினாயிரம் கறுப்பு மக்கள் வடபுலத்துப் படையில் நின்று, அடிமைத்தளையை அறுக்கப் போராடினர். மறு ஆண்டு ஜூலையில் அந்நாட்டுக் காங்கிரஸ், அமைதிக் காலப் படையிலும் கறுப்பர்களுக்கென ஆறு ரெஜிமெண்டுகளை உருவாக்கியது. 1869இல் அவை நான்காகின: ஒன்பதாவது, பத்தாவது குதிரைப்படைகள், இருபத்துநான்காவது, இருபத்தைந்தாவது காலாட்படைகள். அதிகாரிகள் ஏறத்தாழ எல்லோரும் வெள்ளையர். சேவைக் காலம் ஐந்தாண்டு. மாதச் சம்பளம் பதின்மூன்று டொலர்.

இவர்களை எங்கே அனுப்பினார்கள்? மேற்கே, எல்லைப்புறத்துக்கு: டெக்ஸாஸ், நியூ மெக்சிக்கோ, அரிசோனா, கான்சாஸ், டக்கோட்டா. அங்கே வாழ்ந்த செவ்விந்தியர் என நம் பாடநூல்கள் சொல்லி வந்த பூர்வகுடிகளை நிலத்திலிருந்து பெயர்த்து ஒதுக்கிடங்களில் அடைப்பதும், தபால் வண்டிக்குக் காவல் போவதும், தந்திக் கம்பி இழுப்பதும், ரோட்டுப் போடுவதும், ரயில்பாதை போடுவோரைக் காப்பதும் அவர்கள் வேலை. அவர்களுடைய சுருள் முடியைப் பார்த்து, அம்மண்ணுக்குரிய காட்டெருமையின் பிடரியை நினைத்துப் பூர்வகுடிகள் வைத்த பெயரே ‘காட்டெருமை வீரர்’ என்பது. அதில் இகழ்ச்சியைவிட மரியாதையே மிகுதி என்பாரும் உளர். எருமையைத் தெய்வம்போல் எண்ணிய மக்கள் பகைவனுக்கு அப்பெயரைச் சூட்டினால் அதனை இகழ்ச்சி என்று மட்டும் கொள்ள முடியுமா? எங்கள் வகுப்பறையில் வழங்கிய பெயரில் அந்த மரியாதை எள்ளளவும் இருக்கவில்லை.

நேற்றுவரை அடிமையாக விற்கப்பட்டவன், இன்று மற்றொருவனின் நிலத்தைப் பறிக்கும் படையில் ஏன் சேர்ந்தான்? இக்கேள்விக்கு மேடையில் நின்று விடை சொல்வது எளிது. ஏகாதிபத்தியம் அடிமையின் கையில் துப்பாக்கியைக் கொடுத்து மற்றோர் அடிமையைச் சுடச் செய்தது என்று சொல்லி இறங்கிவிடலாம். நாமும் மாணவப் பருவத்தில் பேராதனையில் அப்படி முழங்கியவர்தாம். ஆனால் பதின்மூன்று டொலர் என்பதை அந்த மனிதன் நின்ற இடத்தில் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். போருக்குப் பின் தெற்கில் அவனுக்கு நிலம் கிடைக்கவில்லை. பழைய எசமானின் வயலிலேயே வாரத்துக்கு உழைத்துக் கடனில் மூழ்குவது ஒன்றே வழியாக இருந்தது. படையில் சோறு உண்டு, உடை உண்டு, மாதா மாதம் எண்ணிக் கொடுக்கும் காசு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, குடியரசின் உடுப்பை அணிந்தவனைக் குடிமகன் அல்லன் என்று இனி எவன் சொல்வான் என்ற நம்பிக்கை உண்டு. பிரடெரிக் டக்ளஸ் என்ற பெருந்தலைவர், தாமே அடிமையாயிருந்து தப்பியவர், போர்க்காலத்திலேயே இந்த நியாயத்தைச் சொல்லித் தம் மக்களைப் படைக்கு அழைத்தார். எம் மாணவன் டக்ளஸைப் படித்ததில்லை. ஆயினும் ‘அந்த உடுப்பப் போட்டா’ என்று அவன் சொன்னதும் இதே நியாயந்தான்.

ஆசிரியராகிய எம்மைத் தொட்ட செய்தி ஒன்று இதில் உண்டு. கறுப்பு ரெஜிமெண்டுகளுக்கு நியமிக்கப்பட்ட பாதிரிமார், பிரசங்கத்தோடு எழுத்தும் கணக்கும் கற்பிக்க வேண்டும் என்பது 1866ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைக்கு எழுத்தறிவிப்பதே குற்றமாக இருந்த காலம் ஓராண்டுக்கு முன்புதான் முடிந்தது. பகல் முழுவதும் குதிரை ஏறி, இரவில் விளக்கடியில் சிலேட்டோடு அமரும் முப்பது வயது மனிதனை நினைத்துப் பார்க்கிறோம். பெயரைத் தன் கையால் எழுதிச் சம்பளப் பட்டியலில் ஒப்பமிடும் அந்நாள் அவனுக்கு எத்தகைய நாள்! தோட்டப் பாடசாலைகள் ஒற்றை ஆசிரியரோடு ஒரு கொட்டிலில் நடந்த காலத்தை எம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். கைநாட்டுப் போட்ட தாத்தாவின் பேரன் நாம். சிலேட்டின் மதிப்பு எமக்குத் தெரியும்.

ஆனால் அந்தச் சிலேட்டுக்குக் காசு கொடுத்தவர்கள், அப்பாச்சி மக்களின் தலைவன் விக்டோரியோவை 1879இலும் 1880இலும் நீர்ச்சுனைக்கு நீர்ச்சுனை விரட்டச் சொன்னவர்களே. தாகத்தால் மடியும் குடும்பங்களைச் சுனையை அணுகவிடாமல் காவல் நின்றவர்களில் பத்தாவது குதிரைப்படையும் ஒன்று. இதனையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

உடுப்பு வாக்களித்த மரியாதை கிடைத்ததா? 1877இல் வெஸ்ட் பாயிண்ட் படைக் கல்லூரியில் தேறி அதிகாரியான முதல் கறுப்பர் ஹென்றி பிளிப்பர், டெக்ஸாசில் உள்ள டேவிஸ் கோட்டையில் கணக்கில் காசு குறைந்தது என்று குற்றஞ்சாட்டப்பட்டு, கையாடல் நிரூபிக்கப்படாதபோதிலும் 1882இல் படையிலிருந்து நீக்கப்பட்டார். பழி துடைக்கும் மன்னிப்பு 1999இல் வந்தது. அவர் இறந்து அப்போது ஐம்பத்தொன்பது ஆண்டுகள். 1890 டிசம்பரில் வூண்டட் நீ என்ற இடத்தில் லக்கோட்டா மக்கள், பெண்களும் குழந்தைகளுமாக, ஏழாவது குதிரைப்படையால் சுட்டு வீழ்த்தப்பட்டனர். மறுநாள் அதே ஏழாவது படை ஒரு பள்ளத்தாக்கில் சிக்கியபோது விரைந்து போய் மீட்டது கறுப்பர்களின் ஒன்பதாவது படை. சண்டை ஓய்ந்ததும் மற்றப் படைகள் ஊர் திரும்பின. ஒன்பதாவது படையை மட்டும் அக்குளிர்காலம் முழுவதும் கூடாரங்களில் விட்டு வைத்தார்கள். பிரேதர் என்ற சாதாரணச் சிப்பாய் இந்த அநியாயத்தைச் செய்யுளாக்கி, அது 1891இல் படைப் பத்திரிகை ஒன்றிலேயே அச்சாகியது. துப்பாக்கியோடு யாப்பும் தெரிந்த மனிதன்! தமிழ் படித்த எமக்கு அவன்மேல் தனியான பிரியம் உண்டு.

இத்தனையும் இரண்டாம் நாள் இரவு வரையில் மனத்தில் ஓடின. இவற்றையெல்லாம் சொல்லி மாணவனைத் தடுத்துவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினோம். பதில் தயாராகிவிட்டது என்று எண்ணிய வேளையில், வலப்பனையைச் சேர்ந்த சிங்கள நண்பர் ஒருவர் முன்பொருநாள் சொன்ன சொல் குறுக்கே வந்து நின்றது.

அவரும் ஆசிரியர், சரித்திரம் கற்பிப்பவர். நுவரெலியாவில் நடந்த ஒரு பயிற்சி வகுப்பில் பழக்கமானவர். இடைவேளையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, 1818இல் தம் ஊர்ப் பக்கம் பட்ட பாட்டைச் சொன்னார். தாம் சிறுவனாயிருக்கையில் சோறு உண்ண மறுத்தால், காப்பிரி வருகிறான் என்று பாட்டி பயமுறுத்துவாளாம். பிரவுண்ரிக் வருகிறான் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. “கட்டளை எழுதியவனின் முகத்தை ஊர் பார்க்கவில்லை. தீவட்டி பிடித்தவனின் முகத்தைத்தான் பார்த்தது” என்றார். பிறகு, சற்றுத் தயங்கி, நட்புக் கெடாமல் இருக்க வேண்டுமே என்ற கவலையோடு, “உங்கள் ஆட்களைப் பற்றியும் எங்கள் ஊரில் அப்படித்தான். நிலத்தைப் பிடித்த கொம்பனியை ஊர் பார்க்கவில்லை. லயத்தில் வந்து குடியேறியவர்களைத்தான் பார்த்தது” என்றார்.

அன்று எமக்குக் கோபம் வந்தது. படைக்கும் கூலிக்கும் வித்தியாசம் தெரியாதா என்று கேட்டோம். வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. 1840ஆம் ஆண்டின் பன்னிரண்டாம் இலக்கச் சட்டம், உரித்து நிரூபிக்கப்படாத காடும் தரிசும் முடிக்குரியது என்று ஒரு கோடு இழுத்தது. உறுதி எழுதி வைக்கும் வழக்கமில்லாத கிராமத்தவன் சேனைக் காட்டுக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் எந்தக் கடதாசியைக் காட்டுவான்? ஏக்கர் ஐந்து சிலிங்குக்கு நிலம் போயிற்று. வாங்கியவர்களில் அரசாங்க உத்தியோகத்தர்களும் இருந்தனர். எம் முன்னோர் அந்த ஏலத்தில் நிற்கவில்லை. அவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையில் மாத்தளை நோக்கி நடந்து, வழியில் செத்தவர்களை வழியிலேயே விட்டுவிட்டு வந்தவர்கள். கையில் இருந்தது மண்வெட்டி. துப்பாக்கி இருந்தது துரைமாரிடம்; தங்களுக்கென ‘பிளாண்டர்ஸ் ரைபிள் கோர்’ என்ற தொண்டர் படையையே வைத்திருந்தார்கள். வெட்டித் திருத்திய மண்ணில் ஒரு பேர்ச் கூட நம்மவர் பெயரில் எழுதப்படவில்லை. ஆகவே எம்மைப் படையாட்களோடு ஒப்பிடுவது நியாயமன்று.

இவ்வளவையும் நண்பரிடம் சொன்னோம். அவர் கேட்டுக்கொண்டார். “நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் அந்தக் காப்பிரியின் பெயரிலும் ஒரு பேர்ச் நிலம் எழுதப்படவில்லையே” என்றார்.

அதற்கு நாம் என்ன பதில் சொல்வது? தேநீர் ஆறிவிட்டது, மணி அடித்துவிட்டது, நாம் வகுப்புக்குப் போனோம்.

பிற்பாடுதான் அவர் சொல்லின் முழுப் பாரமும் எமக்குத் தெரிந்தது. விலைக்கு வாங்கப்பட்டுக் கண்டிக் காட்டுக்குள் தள்ளப்பட்ட ஆபிரிக்கரை நாமும் அவருடைய பாட்டியைப்போலவே பார்த்து வந்திருக்கிறோம். அந்த ரெஜிமெண்டுகள் காலப்போக்கில் இலங்கை ரைபிள் படை என்ற பெயருக்குள் அடங்கி, 1873இல் அதுவும் கலைக்கப்பட்டது. அவர்களின் வழிவந்தோர் இன்று புத்தளத்துக்கு அண்மையில் சிரம்பியடி என்னும் ஊரில் ஒரு சிறு சமூகமாக வாழ்கிறார்கள். போர்த்துக்கேயக் கலப்பு மொழியில் ‘மஞ்சா’ என்ற பாட்டைத் தாளத்தோடு பாடுகிறார்கள். அவர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வருவோரும் படம் பிடிக்க வருவோரும் பெரும்பாலும் கேட்பது அந்தப் பாட்டைத்தான். அவர்களின் பாட்டன்மார் நம் மலைகளில் எதற்காகச் செத்தார்கள் என்று கேட்பவர் அரியர். எமது வகுப்பில் அவர்களின் பெயர் ஒரு வசைச் சொல்லாக மட்டுமே உயிரோடு இருந்தது. அதனை அப்படி வைத்திருந்ததில் அந்த ஒரு கணச் சிரிப்பின் அளவுக்கேனும் எமக்கும் பங்கு உண்டு.

அமெரிக்கப் படைகளில் நிறத்தால் பிரிக்கும் வழக்கத்தை நிறுத்துமாறு ஜனாதிபதி ட்ரூமன் கட்டளையிட்டது 1948இல். அதே 1948இல்தான் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் நம்மவரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டு, மீதி ஒன்றரை இலட்சம் பேரைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தது. எமது பாட்டனாரின் தம்பி குடும்பம் அந்தக் கணக்கில் கப்பலேறிக் கூடலூர்ப் பக்கம் போய்ச் சேர்ந்தது. நாடற்றோர் என்று எஞ்சியிருந்தவர்களுக்கும் குடியுரிமை அளிக்கும் சட்டம் 2003இல் வந்தது. எம்மிடம் நற்சான்றிதழ் கேட்டு நின்ற பையன் அதற்குப் பிறகு பிறந்தவன். பிறப்பிலேயே குடிமகன். அப்படியிருந்தும், ஒரு காக்கி உடுப்பைப் போட்டால்தான் தன்னை மனிதனாய் மதிப்பார்கள் என்று அவன் நினைக்கிறான். அவனுடைய தாய், ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்காகப் பல ஆண்டுகள் போராடி 2021இல் அதைக் கண்டவர்களில் ஒருத்தி, அந்த உடுப்பைக் கண்டால் இன்னும் நடுங்குகிறாள். இருவரில் யார் பிழை?

மூன்றாம் நாள் அவன் வந்தான். பாடசாலை விட்டு, மேசைகளைக் கூட்டி ஒதுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இருக்கச் சொன்னோம். பத்தாந் தர வகுப்பில் நடந்ததை நினைவிருக்கிறதா என்று கேட்டோம். “எது சேர்?” என்றான். தெரிந்துகொண்டேதான் கேட்டான். “நாமும் சிரித்தோம், தம்பி. அது பிழை” என்றோம். மாணவனிடம் இப்படிச் சொல்லிப் பழக்கமில்லாததால் சொல் சரியாக வரவில்லை. அவன் தலையைக் குனிந்து, “அதெல்லாம் இப்ப எதுக்குங்க சேர்” என்றான்.

பிறகு காட்டெருமை வீரர்களின் கதையைச் சொன்னோம். பாட்டைத் தெரியும் என்றான், கதை தெரியாது. சிலேட்டைச் சொன்னோம். பதின்மூன்று டொலரைச் சொன்னோம். நீர்ச்சுனையையும் சொன்னோம். சிரம்பியடியையும், வலப்பனை நண்பரின் பாட்டியையும் சொன்னோம். நெடுநேரம் பேசாமல் இருந்தான். கடைசியில் கேட்டான்:

“அப்ப போக வேணாங்கிறீங்களா, சேர்?”

போக வேண்டாம் என்று சொல்ல எமக்கு என்ன அதிகாரம்? மாதம் முடிந்தால் சம்பளம் வாங்கும் மனிதர் நாம். அவனுக்கு நாம் காட்டக்கூடிய வேறு வழி கொழும்பில் ஒரு புடைவைக் கடை. அங்கே பன்னிரண்டு மணி நேரம் நின்று, மற்றவன் பிள்ளைக்குத் தீபாவளிச் சட்டை மடித்துக் கொடுப்பது.

“அப்படிச் சொல்லவில்லை. ஒருநாள் உன் மாமாவைப்போல ஒருவனைக் கொண்டுவந்து உன் முன்னால் நிறுத்துவார்கள். அன்றைக்கு என்ன செய்வாய் என்று இப்போதே யோசித்து வை.”

“அம்மாவும் அதத்தான் கேட்டாங்க.”

“நீ என்ன சொன்னாய்?”

“தமிழ்ல அவன் சொல்றத நான் தமிழ்லயே எழுதுவேன்னு சொன்னேன். மாமா சொன்னது ஒண்ணு, அங்க சிங்களத்துல எழுதுனது ஒண்ணு சேர். வாசிச்சுக் காட்டாமலே கையெழுத்து வாங்கிட்டாங்க.”

இது எமக்குத் தோன்றாத பதில். மூன்று நாட்கள் சரித்திரம் புரட்டிய எமக்கு அகப்படாதது, மாமாவின் கதையை வீட்டில் ஆயிரம் தடவை கேட்டு வளர்ந்தவனுக்கு அகப்பட்டிருந்தது. அது நடக்குமா, அந்தக் கதிரையில் அமர்ந்த பின் அவனை அப்படி எழுத விடுவார்களா என்பது வேறு விடயம். அவனும் அதை அறிந்தவனாகவே தோன்றினான்.

கடதாசியை எடுத்தோம். வழக்கமான இரண்டு வாக்கியங்களோடு மூன்றாவதாக ஒன்றும் எழுதினோம்: தமிழிலும் சிங்களத்திலும் பிழையின்றி எழுதவும், பிறர் சொல்வதைப் பொறுமையோடு கேட்கவும் வல்லவர். அது பொய்யன்று. எழுதி முடித்துப் பெயரையும் கேட்டுச் சரிபார்த்தோம். அவன் அடையாள அட்டையில் தகப்பன் பெயர் ஓர் எழுத்துப் பிழையோடு இருந்தது, அட்டையில் உள்ளபடியே போடச் சொன்னான். விலாசம் என்ற இடம் வந்தது. லயத்து வீட்டுக்குத் தனி இலக்கம் இல்லை. தோட்டத்துப் பெயரும் டிவிசன் பெயரும் போட்டால் கடிதம் தோட்டக் கந்தோருக்குப் போய், அங்கே எத்தனை நாள் கிடக்குமோ தெரியாது. முன்பு ஒருமுறை நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி கடந்த பிறகு கைக்கு வந்ததாம்.

“என்ன விலாசம் போட?” என்று கேட்டோம்.

சிறிது நேரம் யோசித்து, டவுனில் தாய்மாமன் வேலை பார்க்கும் மரக்கறிக் கடையின் விலாசத்தைச் சொன்னான். அதையே எழுதினோம்.